போஸ்டில் ஏறுகிறவருக்கு யார் பொறுப்பு?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

சென்ற தவணையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், படித்து முடித்து என்ன தொழில் செய்ய விருப்பம் என்று எழுதச் சொன்னோம். டொக்டர், பொறியியலாளர், வெளிநாடு, கடை, கிரிக்கெட் என்று வழக்கமான பதில்கள்தான் வந்தன. ஒரு பிள்ளை மட்டும் ஒரே வரி எழுதியிருந்தான்: "வாப்பா செய்யிற வேலையத் தவிர எதுவும்."

அவனுடைய வாப்பா ஒரு ஒப்பந்தகாரருக்குக் கீழ் நாட்கூலிக்கு மின்கம்ப வேலை செய்கிறவர். பெற்றார் கூட்டத்துக்கு வந்தபோது அவருடைய இடது கையைப் பார்த்தோம். இரண்டு விரல்கள் மடங்காது. கேட்டதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லைன் ஓஃப் எண்டு சென்னாங்க சேர். ஓஃப்தான். ஆனா பக்கத்து வீட்டுல ஜெனரேட்டர் போட்டிருந்தாங்க."

ஆஸ்பத்திரிச் செலவில் கொஞ்சத்தையும் ஒரு கிழமைக் கூலியையும் ஒப்பந்தகாரர் கொடுத்திருக்கிறார். படிவம் எதுவும் நிரப்பவில்லை. யாரும் வந்து விசாரிக்கவும் இல்லை. மூன்றாம் மாதம் அவர் மறுபடி ஏணியில் ஏறிவிட்டார். நாட்டின் கணக்கில் அப்படி ஒரு விபத்து நடக்கவே இல்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு கேள்வி. இந்த நாட்டில் மின்சாரத்தை ஒழுங்குபடுத்த ஓர் ஆணைக்குழு இருக்கிறது. அந்த மனிதர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்ப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட ஒருவர் அங்கே இருக்க வேண்டாமா?

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் முழு அதிகாரம் 2009 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தோடு அதன் கைக்கு வந்தது. ஆனால் நாங்கள் அதை எதற்காக அறிந்து வைத்திருக்கிறோம்? கரண்ட் பில்லுக்காக. 2025 ஜனவரியில் கட்டணம் 20 வீதம் குறைந்தபோதும் ஜூனில் 15 வீதம் கூடியபோதும் ஆணைக்குழு செய்தியில் வந்தது. 2023 மே மாதம் அதன் அன்றைய தலைவரைப் பாராளுமன்றம் வாக்கெடுத்து நீக்கியதும் கட்டணச் சண்டையின் முடிவில்தான்.

கட்டணத்துக்கு ஒரு முறை இருக்கிறது, அதை நாங்கள் பாராட்ட வேண்டும். விலையை மாற்ற முன்னர் யோசனையை வெளியிடுகிறார்கள், பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறார்கள். சாதாரண ஆள் எழுத்தில் அனுப்பலாம், எழுந்து நின்று பேசலாம். ஒரு ரூபா கூடுவதற்கு இவ்வளவு கேள்வி. ஆனால் ஒரு தொழிலாளி கம்பத்தில் கருகி விழுந்தால் அப்படி ஒரு சபை கூடுவதில்லை. பத்திரிகையில் இரண்டு வரி, பிறகு ஜனாஸா அறிவித்தல், அதோடு முடிந்தது.

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. நாங்களும் மீம் பகிர்ந்தோம். ஒரு குரங்கைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள், அதே கம்பிகளில் வேலை செய்யும் மனிதர்களைப் பற்றி எப்போது பேசினோம்?

இலங்கையில் மின்சாரம் தாக்கி இறப்போர் தொகை ஆண்டுக்கு நூறை அண்டி நிற்கிறது. எல்லோரும் தொழிலாளர்கள் அல்லர். காட்டுப்பன்றிக்குச் சட்டவிரோதமாக இழுத்த கம்பியில் மாட்டிய விவசாயியும், ஏர்த் இல்லாத வீட்டில் ஈரக்கையோடு ப்ளக்கைத் தொட்ட தாயும் அதில் இருக்கிறார்கள். வீட்டுப் பக்கம் ஆணைக்குழு சில நல்ல வேலைகளைச் செய்திருக்கிறது. வட்ட முனை, சதுர முனை என்று கலந்து கிடந்த ப்ளக்குகளுக்குப் பதிலாக 13 அம்பியர் சதுர முனையை நாட்டின் ஒரே தரமாக்கியது அதில் ஒன்று. ட்ரிப் சுவிட்ச் பற்றியும் தகுதியுள்ள வயரிங் பாஸ்மார் பற்றியும் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். ஆனால் சாதனத்தைப் பார்ப்பது ஒரு வேலை, அந்தச் சாதனத்தில் மனிதன் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பது இன்னொரு வேலை. நாங்கள் கேட்பது இந்த இரண்டாவதற்கு ஓர் ஆளை.

அந்த வாப்பாவின் கதையையே எடுத்துப் பார்ப்போம். லைனை ஓஃப் பண்ணினால் போதாது. ஓஃப் பண்ணிய சுவிட்சைப் பூட்டி, "ஆள் வேலை செய்கிறார்" என்று அட்டை தொங்கவிட வேண்டும். கம்பியில் கரண்ட் இல்லை என்று கருவியால் சோதிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியை ஏர்த் பண்ண வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் அவருடைய விரல்களைக் காப்பாற்றியிருக்கும். மாற்று சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஜெனரேட்டரை ப்ளக் பொயின்டில் சொருகினால், கரண்ட் வீட்டோடு நிற்காது. மீற்றர் வழியாக வீதிக் கம்பிக்குத் திரும்பிப் போகும். ட்ரான்ஸ்போமர் வரை போனால் நிலைமை இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்கும் அதே பெட்டி, தலைகீழாக 230ஐ 11,000 ஆக ஏற்றிவிடும். தூரத்தில் "ஓஃப்" லைனில் கை வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது எத்தனை வீடுகளும் கடைகளும் அவசரமாக ஜெனரேட்டர் வாங்கின? அவற்றில் எத்தனைக்கு முறையாக மாற்று சுவிட்ச் பூட்டப்பட்டது? அதைக் கணக்கெடுக்கச் சொல்லி, கம்பத்தில் ஏறுகிறவருக்காக வேலை முறையை மாற்றச் சொல்வது ஒரு தொழிற்பாதுகாப்பு நிபுணரின் வேலை. பூட்டு யாரிடம், சாவி யாரிடம், கையுறை கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, அந்த மனிதர் எத்தனை மணித்தியாலமாகத் தூங்கவில்லை என்றெல்லாம் கேட்கப் படித்தவர் அவர்.

"தொழில் திணைக்களம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டினது. அதன் பரிசோதகர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் பெயரே சொல்வது போல அந்தச் சட்டத்தின் நடுவில் இருப்பது தொழிற்சாலை. மட்டக்குளி ஒழுங்கையில் நிற்கும் போஸ்ட் தொழிற்சாலை அல்ல. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகமும் 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இருக்கிறது. அதன் பணி பயிற்சியும் ஆலோசனையும். மின்சார உரிமம் பெற்றவரைப் பார்த்து "உன் ஒப்பந்தகாரரின் ஆளுக்கு நீயே பொறுப்பு, இல்லாவிட்டால் உரிமத்தில் கை வைப்போம்" என்று சொல்லக்கூடிய இடம், உரிமத்தை வழங்கும் ஆணைக்குழுதான். அதனால்தான் அந்த ஆள் அங்கே இருக்க வேண்டும் என்கிறோம்.

"கரண்ட் விநியோகிப்பவரிடமே பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது" என்பது அடுத்த பதில். இதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பாடம். 1988 ஜூலை 6 ஆம் திகதி பிரித்தானியாவின் வட கடலில் பைப்பர் அல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். தொடக்கம் ஒரு சின்ன விசயம். பழுது பார்ப்பதற்காகப் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த ஒரு பம்பை, அது தெரியாமல் அடுத்த வேலைமுறைக்காரர் இயக்கினார்கள். வேலை அனுமதிப் பத்திரம் சரியாகக் கைமாறவில்லை. அதாவது "ஓஃப் எண்டு சென்னாங்க" என்ற அதே கதைதான். விசாரித்த கலன் பிரபு 1990 இல் 106 பரிந்துரைகளைக் கொடுத்தார். எண்ணெய் உற்பத்தியைக் கவனிக்கும் வலுசக்தித் திணைக்களமே பாதுகாப்பையும் கவனிப்பது சரியில்லை, வேறு அமைப்பிடம் கொடுங்கள் என்பது அவற்றில் முக்கியமானது. அப்படியே மாற்றினார்கள். 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்த பிறகு அமெரிக்காவும் இதே பாடத்தைப் படித்தது. உரிமக் கட்டணம் வசூலித்த அதே அமைப்பே பாதுகாப்பையும் பார்த்ததால், அதைப் பிரித்தார்கள்.

எங்களுக்கு இதில் இரண்டு விசயம் விளங்குகிறது. கரண்ட் விநியோகிப்பவரே தன் ஆளின் மரணத்தை விசாரிப்பது போதாது. அதோடு, ஆணைக்குழுவுக்குள்ளும் இந்த நிபுணர் கட்டணப் பிரிவுக்குக் கீழ் உட்காரக் கூடாது. கையுறைக்கும் பயிற்சிக்கும் செலவாகும் என்று அவர் எழுதும்போது, "பில் கூடிவிடும், குறைத்து எழுதுங்கள்" என்று சொல்லக்கூடியவர் அவருக்கு மேலதிகாரியாக இருக்கக் கூடாது. அவருடைய அறிக்கை நேராக ஆணையாளர்களிடம் போக வேண்டும்.

கரண்ட் மட்டுமல்ல. 2021 நவம்பர், டிசம்பரில் வீடுகளில் கேஸ் அடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்ததை எங்கள் உம்மாமார் இன்னும் மறக்கவில்லை. சிலிண்டரை வாசலுக்கு வெளியே வைத்துச் சமைத்த வீடுகள் எங்கள் பக்கத்தில் இருந்தன. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, புரொப்பேன், பியூட்டேன் கலவையை மாற்றியதே முக்கிய காரணம் என்று சொன்னது. வெடித்த பிறகுதான் குழு, அறிக்கை எல்லாம். கலவையை மாற்றுவதற்கு முன்னர், "இந்த வால்வும் ரெகுலேட்டரும் குழாயும் இதைத் தாங்குமா?" என்று கேட்கும் கடமை உள்ள ஒருவர் இருந்திருந்தால்? வலுசக்தியை ஒழுங்குபடுத்துவது என்றால் விலை மட்டுமல்ல என்று அந்த இரண்டு மாதம் எங்களுக்குக் காட்டியது.

மட்டக்குளிக்காரருக்கு இது தூரத்து விசயமல்ல. பாலத்தைக் கடந்து வத்தளைப் பக்கம் போனால் கெரவலப்பிட்டியில் மின்நிலையங்கள், எரிவாயுக் களஞ்சியம், குப்பையில் மின்சாரம் எடுக்கும் நிலையம். களனி ஆற்றின் மேல்பக்கம் களனிதிஸ்ஸ. பக்கத்தில் துறைமுகம். அங்கெல்லாம் கூலிக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் தோட்டங்களிலிருந்தும் மாடி வீடுகளிலிருந்தும்தான் காலையில் இறங்குகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, ஆளை எப்படி எடுப்பது? ஆசிரியர்கள் என்ற முறையில் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

ஒன்று, வெளிப்படையான விளம்பரம், வெளிப்படையான நேர்முகப் பரீட்சை. எம்.பி.யின் கடிதத்தோடு வருகிறவர், நாளைக்கு எம்.பி.யின் ஒப்பந்தகாரரைக் கேள்வி கேட்க மாட்டார்.

இரண்டு, பட்டம் வேண்டும், ஆனால் பட்டம் மட்டும் போதாது. வெயிலிலும் மழையிலும் லைன் வேலை நடக்கும் இடத்தில் சில வருடங்கள் நின்ற அனுபவம் வேண்டும். கையுறையை ஏன் கழற்றுகிறார்கள் என்று தொழிலாளியிடம் கேட்டவருக்குத்தான் தெரியும். பல நேரம் காரணம் அலட்சியம் அல்ல, அளவு பொருந்தாத கையுறை.

மூன்று, சிங்களமும் தமிழும் பேச வேண்டும். அடிபட்டவரும் அவருடைய மனைவியும் தங்கள் மொழியில் சொன்னால்தான் உண்மை வரும். மொழிபெயர்ப்பில் பாதி தொலைந்துவிடும், மீதியை மேற்பார்வையாளர் திருத்திவிடுவார்.

நான்கு, உயிரிழப்பு ஒவ்வொன்றுக்கும் பெயர் குறிப்பிடாத ஓர் அறிக்கை, மூன்று மொழியிலும், பொதுவில். என்ன நடந்தது, எந்தப் படி தவறியது, இனி என்ன மாறும். ஒரு பக்கம் போதும். தொழிற்பயிற்சிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

இதற்குச் செலவாகாதா என்றால், ஆகும். ஒரு நிபுணர், இரண்டு மூன்று உதவியாளர்கள், ஒரு வாகனம். அந்தச் செலவு கடைசியில் எங்கள் பில்லில்தான் வரும். வரட்டும். விரலைக் கொடுத்த மனிதர் எங்கள் வெளிச்சத்துக்கு ஏற்கெனவே ஒரு விலை கட்டிவிட்டார். மீதியை நாங்கள் கட்டுவதுதான் நியாயம்.

ஒருவரை நியமித்துவிட்டால் மரணமே நின்றுவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பிழை எங்கள் பக்கமும் இருக்கிறது. அந்த ஜெனரேட்டர் எங்களைப் போன்ற ஒருவருடைய வீட்டில்தான் ஓடியது. மாற்று சுவிட்ச் பூட்டாமல் ஜெனரேட்டர் போடாதீர்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பட்டனை மாதத்துக்கு ஒரு முறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். பெருநாளோ வெசாக்கோ திருவிழாவோ, போஸ்டில் நீங்களாக வயர் கொழுவாதீர்கள்.

அடுத்த முறை கட்டண மாற்றத்துக்கு ஆணைக்குழு கருத்துக் கேட்கும்போது, பில்லைப் பற்றி எழுதுவதோடு இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: "தொழிற்பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரை நியமியுங்கள். கடந்த வருடம் வேலையில் இறந்தவர்களின் அறிக்கையை வெளியிடுங்கள்." நாங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் கேளுங்கள், தருகிறோம். அப்படியே படி எடுத்து உங்கள் பெயரில் அனுப்பலாம்.

அந்தப் பிள்ளை கணிதத்தில் கெட்டிக்காரன். வாப்பாவின் வேலை வேண்டாம் என்கிறான். அது அவனுடைய விருப்பம். ஆனால் அந்த வேலையை யாராவது ஒருவருடைய பிள்ளை செய்துதான் ஆக வேண்டும். இன்றைக்கும் அவனுடைய வாப்பா காலை ஆறு மணிக்கு மட்டக்குளிச் சந்தியில் லொறிக்காக நிற்கிறார்.