ஹாலில் கேமரா வேண்டாம்

போன மாதம் சென்னையிலிருந்து வந்திருந்த மகன், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கைபேசியை என் முன்னால் நீட்டினான்.

"அப்பா, ரெண்டு கேமரா போதும். ஒண்ணு வாசலுக்கு, ஒண்ணு ஹாலுக்கு. ஒயர் இழுக்க வேண்டாம், வைஃபைதான்."

"வாசலுக்குச் சரி. ஹாலில் திருட என்னடா இருக்கிறது?"

"நீங்களும் அம்மாவும் இருக்கீங்களே. விழுந்து கிழுந்து வச்சா நான் பார்க்கணும்ல?"

பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அன்று இரவு என் மனைவி சொன்னாள்: "புழுக்கத்துக்கு ஹால்லதான் பாய் போட்டுப் படுக்கேன். அது முழிச்சிப் பாத்துக்கிட்டு இருந்தா நான் எப்படி காலை நீட்டிப் படுக்க?" கீழவைப்பார் அவள் பிறந்த ஊர், அவளுடைய வீடு. ஓய்வு பெற்றபின் வந்து ஒட்டிக்கொண்டவன் நான். அவள் பேச்சுக்கு மேல்முறையீடு கிடையாது.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வராந்தாவில் நின்று எங்களை நோட்டம் விடுபவருக்கு 'சுர்வேயான்' என்று பெயர். 'வேயே' என்றால் விழித்திருப்பது. நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் கண் விழிப்பதற்கும் அதே சொல்தான். முன்னால் 'சுர்' சேர்ந்தால் மேலிருந்து பார்ப்பது என்றாகிவிடும். 1793 மார்ச்சில் பிரான்சின் புரட்சி அரசு ஊர்தோறும் கண்காணிப்புக் குழுக்களை அமைத்தது. வெளிநாட்டுக்காரர்களைக் கவனிக்கத்தான் என்று ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அண்டை வீட்டுக்காரனையே பட்டியல் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். 'சர்வைலன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்ததுதான்.

இந்தக் கரையில் வேறு மாதிரியான காவல் ஒன்று இருந்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனாலும் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்: மூழ்குகிறவனின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும். அசந்தால் தாலி அறுப்பது சொந்தத் தங்கை அல்லவா? பார்க்கிறவனுக்கும் இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் அது காவல்.

எங்கோ ஒரு கம்பெனியின் கணினியில் போய்ச் சேரும் என் வீட்டுப் படத்தால் அந்தக் கம்பெனிக்கு என்ன இழப்பு? அமெரிக்காவில் ரிங் என்ற வீட்டுக் கேமரா நிறுவனம், தன் ஊழியர்கள் வாடிக்கையாளரின் படுக்கையறைக் காட்சிகளைப் பார்க்க இடம் கொடுத்தது என்ற வழக்கில், 2023-இல் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் எடுத்த கேமராக் காட்சிகள் 2025 பிப்ரவரியில் இணையத்தில் விலைக்கு வந்தன. அந்தக் கேமராவும் பாதுகாப்புக்கென்று மாட்டியதுதான்.

மச்சான் மகன் தூத்துக்குடியில் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறான். அவனும் மகன் கட்சி. "மாமா, சுத்திச் சுத்திப் பாக்குற கேமரா இருக்கு. தெரு முழுக்கத் தெரியும். நீங்க ஏன் இப்படி பயப்படுதீங்க?"

தெரு முழுக்க எதற்குத் தெரிய வேண்டும்? எதிரில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. காலையில் பெண்கள் குடத்தோடு வந்து அள்ளிச் செருகிய சேலையோடு நிற்பார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். அதை என் மகன் சென்னையில் இருந்து ஏன் பார்க்க வேண்டும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். குழாயடிப் பெண்களுக்கும் அது உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. நான் குளியலறையில் விழுந்தால் கேமரா வந்து தூக்காது. மகன் வர ஒரு ராத்திரி ஆகும். ஓடி வரப்போவது அந்தக் குழாயடிதான். அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிவிட்டு எந்த முகத்தோடு அவர்களைக் கூப்பிடுவது?

கேமராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் மெகாபிக்சலைக் கேட்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். முதலில், படம் எங்கே தங்கும்? உள்ளேயே மெமரி கார்டு போடும் வகை போதும். நிறைந்ததும் பழையதை அழித்து எழுதிக்கொள்ளும். திருடன் கேமராவையே கழற்றினால் கார்டும் போகும் என்பது உண்மைதான். ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அடுத்து, கூடவே வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2025 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள்.

'ஒயர்லெஸ்' என்பதும் பாதிப் பொய். படம்தான் காற்றில் போகும், கரண்டுக்கு ஒயர் வேண்டும். கரண்டு போனால் ரூட்டரும் படுத்துவிடும். பேட்டரி வகை தூங்கிக்கொண்டிருந்து அசைவு கண்டு விழிப்பது, முதல் சில நொடிகள் தப்பிவிடலாம். எங்கள் உப்புக் காற்றில் அடாப்டர் முள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும்.

கடைசியில் ஒன்றே ஒன்று வாங்கினோம். திரும்பாதது, கார்டு போட்டது. எங்கள் கேட்டையும் திண்ணையையும் மட்டும் பார்க்கும்படி சாய்த்து மாட்டச் சொன்னேன். மாட்டியதும் எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, என்ன தெரிகிறது என்று கைபேசியில் காட்டினேன். "எங்க வீட்டுக் கோழி மட்டும் தெரியுது" என்றார்.

ஹாலில் ஆணி அடிக்கவில்லை. மகன் இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிடுகிறான். நான் எடுக்காவிட்டால் எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் நம்பரை அவனுக்குக் கொடுத்ததே அவர்தான். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள கேமரா தேடும் பிள்ளைகளே, முதலில் அந்த நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.