நோட்டீசும் படமும்

சென்னையில் நடக்கும் போட்டோ விழாவுக்கு நம்மவர்கள் போய்வரலாமா, அல்லது அது இங்கிலீஷ் படித்த பெரிய மனிதர்களின் பொழுதுபோக்குதானா என்ற பேச்சு சூளூர்பேட்டை மின்சார ரயிலில் அவ்வப்போது அடிபடுவதுண்டு. கேள்வி நியாயமானதே. இங்கிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 83 கிலோமீட்டர். போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள் சீசன் டிக்கெட்டோடு கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் ஓடுகிறவர், ஏழாவது நாளும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதே வண்டியில் ஏற வேண்டுமானால் அதற்குத் தக்க காரணம் வேண்டும்.

விழாவின் பெயரே முதல் முட்டுக்கட்டை. 'சென்னை போட்டோ பியனாலே' என்கிறார்கள். பியனாலே என்பது இத்தாலியச் சொல். இரண்டாண்டுக்கு ஒருமுறை என்பதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை. 1895-ல் வெனிஸ் நகரில் தொடங்கிய கலைக் கண்காட்சியின் பெயர் ஊர் ஊராகப் பரவி, 2012-ல் கொச்சிக்கும் 2016-ல் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அந்த இரண்டாண்டுக் கணக்கும் சரியாக நிற்கவில்லை. 2016-க்குப் பிறகு 2019, பிறகு 2021, பிறகு 2024 என்றே விழா நடந்திருக்கிறது. நடுவில் கொரோனாவும் வந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்கள் பிறருடைய காலதாமதத்தைப் பற்றி அதிகம் பேசாமலிருப்பதே உத்தமம்.

பெயர் போகட்டும். 2019 விழாவுக்குச் சூட்டிய தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கண்ணாடிகளின் விலங்கினம்' என்று வரும். கண்ணாடிக்குப் பின்னால் வேறோர் உலகம் இருப்பதாகச் சொல்லும் பழைய சீனக் கதை ஒன்றிலிருந்து எடுத்தது. 2021-ல் 'அமைதியின்மையின் வரைபடங்கள்'. இவற்றைக் கேட்டுவிட்டு யார்தான் தடா ஸ்டேஷனில் வண்டி ஏறுவார்? இந்தக் குறை சென்னைக்கு மட்டும் உரியதன்று. இவ்வகை விழாக்களின் நோட்டீஸ்கள் உலகமெங்கும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கின்றன. காரணமும் தெரிந்ததுதான். டிக்கெட் விற்றுப் பிழைக்கிற விழா அல்ல இது. அனுமதி இலவசம். செலவுக்குப் புரவலர்களும் அறக்கட்டளைகளும் வெளிநாட்டுக் கலாசார நிலையங்களும் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. சென்னை விழாவைத் தொடங்கியதில் ஜெர்மனியின் கதே நிலையத்துக்கும் பங்குண்டு. ஆகவே, நோட்டீஸ் பணம் கொடுப்பவருக்கும் மற்ற ஊர் விழாக்காரர்களுக்கும் எழுதப்படுகிறது. பார்க்க வருகிறவனுக்கு எழுதப்படுவதில்லை என்பது நம் அபிப்பிராயம்.

அதற்காகப் படத்தைத் தள்ளிவிடலாமா? நம் ஊர்ப் பறவைத் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரியில் சில ஆண்டு இடைவெளிக்குப் பின் அது நடந்தபோது தட்டிகளுக்கும் வளைவுகளுக்கும் குறைவில்லை. தட்டியைப் படித்துவிட்டா நாம் நேலபட்டுக்குப் போகிறோம்? அங்கே மரத்தில் கூழைக்கடா குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. பழவேற்காடு ஏரியில் பூநாரைக் கூட்டம் ஒற்றைக்காலில் நிற்கிறது. அதைக் காணப் போகிறோம். அதே ஜனவரியில் சென்னையில் நான்காவது போட்டோ விழாவும் நடந்துகொண்டிருந்தது. 'ஏன் படம் எடுக்க வேண்டும்?' என்பது அதன் தலைப்பு. இதுவாவது நம் வீட்டுத் தாத்தாவும் கேட்கக்கூடிய கேள்வி.

அந்த விழாவில் 'வானேறும் விழுதுகள்' என்று ஒரு பகுதி. விழுது கீழே இறங்குவதுதான் வழக்கம். மேலே ஏறும் விழுது என்றதும் விளக்கம் இல்லாமலே விஷயம் புரிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர் மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன். தலித் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய பாட்டியின் பேரன் அவர். கொரோனா ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பி, தன் வீட்டாரையே படமெடுத்தவர். மதுரைப் பக்கத்திலிருந்தே வந்த இன்னொருவர் பழனிக்குமார். மீன் விற்ற தாயின் மகன். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மலக்குழியில் இறங்கி மாண்டவர்களின் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் படமெடுத்து வருகிறார். துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் காமிராவைக் கொடுத்துக் கற்றும் தருகிறார்.

நாம் போக வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது. வெகுகாலம் காமிராவைப் பிடித்தவன் ஒரு ஜாதி, படத்தில் நின்றவன் வேறு ஜாதி. இப்போது நின்றவன் வீட்டுப் பிள்ளை காமிராவைப் பிடிக்கிறான். அவன் எடுத்த படத்தைப் பார்க்க அவன் சனங்களே வராவிட்டால், சுவரில் கூலிக்காரன், சுவருக்கு முன்னால் கோப்பையோடு கனவான் என்ற பழைய கதையே நீடிக்கும். நோட்டீசின் பகட்டுமொழி செய்கிற உண்மையான கெடுதல் இதுதான். புரியாத சொற்களை எழுதியவர் சிரமப்படப் போவதில்லை; யாருடைய படம் மாட்டியிருக்கிறதோ அவர் வாசலிலேயே திரும்பிப்போகிறார்.

எளிய பெயரில் பெரிய காரியம் செய்ய முடியாதா? 1955-ல் நியூயார்க் நவீன கலைக்கூடத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் ஒரு கண்காட்சி வைத்தார். 68 நாடுகளிலிருந்து 503 படங்கள். பிறப்பு, உழைப்பு, கல்யாணம், சாவு ஆகியவையே பொருள். 'மனிதக் குடும்பம்' என்பது பெயர். அது இந்தியா உள்படப் பல நாடுகளைச் சுற்றி, சுமார் 90 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. எல்லாரையும் ஒரே குடும்பம் என்று சொல்லி, அடிப்பவனையும் அடிபடுகிறவனையும் ஒன்றாக்கிவிட்டார் என்று அறிஞர்கள் குறை கூறினார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனாலும், படித்தவர் படிக்காதவர் எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள் அல்லவா?

பழைய சென்னை ராஜதானியில் போட்டோவுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டைப் பதிவு செய்வதே அவர் வேலை. கலை என்ற பேச்சே அதில் இல்லை. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் அவர் படங்களைக் கலைப்பொருளாக மாட்டுகின்றன. நம் வீட்டுச் சுவரிலும் பரணிலும் இருக்கும் ஸ்டூடியோ படங்களின் கதையும் இத்தகையதே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களுக்கு நேரில் போய், அழிந்துவரும் படங்களையும் நெகடிவ்களையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் சித்தூரிலும் புத்தூரிலும் திருப்பதியிலும் தமிழ்க் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட கல்யாண குரூப் போட்டோக்களை யார் தேடுகிறார்கள்? கடையை மூடும்போது கண்ணாடி நெகடிவ் எடைக்குப் போய்விடுகிறது. இதுபோன்ற விழாவை ஒருமுறை பார்த்து வந்தவர் அதை எடைக்குப் போட மாட்டார் என்று நம்புகிறோம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே நாளில் எல்லா இடத்தையும் பார்க்க முயல வேண்டாம். விழா ஊரெங்கும் சிதறிக் கிடக்கும். 2016-ல் பறக்கும் ரயில் நிலையத்திலும் பூங்காவிலும்கூடப் படம் வைத்தார்கள். 2019-ல் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் வைத்தார்கள். சிஷோம் 1870-களில் கட்டிய அந்த மண்டபத்தைப் பார்க்கவே ரயில் செலவு தகும். சுவரில் ஒட்டிய விளக்கத்தைக் கடைசியில் படியுங்கள். அல்லது படிக்காமலே விடுங்கள். இருட்டறையில் ஓடும் படம் பிடிக்காவிட்டால் எழுந்து வருவதில் வெட்கம் எதற்கு? பத்துப் படத்தில் ஏழு ஒன்றும் சொல்லாமல் போகலாம். மீதி மூன்றின் முன் நிதானமாக நில்லுங்கள்.

விழாக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஒவ்வொரு படத்தின் கீழும் அது எந்த ஊர், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் பெயர் என்ன என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் போடுங்கள். எடுத்தவர் பெயரை மட்டும் போட்டால் போதாது. மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து வண்டி புறப்படும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும், கடைசி ஸ்டேஷனான சூளூர்பேட்டை வரை, தமிழிலும் தெலுங்கிலும் ஒரு தட்டி வையுங்கள். இடம், தேதி, நேரம், அனுமதி இலவசம் என்ற நான்கு வரி போதும். சீனக் கதையை உள்ளே வந்தபிறகு கேட்டுக்கொள்கிறோம்.