'ரியாக்டிவ்' என்ற ஒரு சொல் போதாது

எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒருவர் கைக்கு ஆய்வகச் சீட்டு வந்து சேர்கிறது. அதில் 'ஆன்டி எச்.சி.வி. - ரியாக்டிவ்' என்று ஒரே வரி. ஏற்கெனவே ஒரு வைரஸோடு மல்லுக்கட்டி, நாள் தவறாமல் மாத்திரை விழுங்கி வருபவரை, ஹெபடைட்டிஸ் சி என்ற இன்னொரு பெயர் நிலைகுலைய வைத்துவிடும். ஆனால், அந்த வரி சொல்வது பாதிச் செய்திதான். அந்த வைரஸ் எப்போதோ உடம்புக்குள் நுழைந்தது, உடம்பு அதை எதிர்த்து எதிர்ப்பொருள் உண்டாக்கியது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வைரஸ் இப்போதும் உள்ளே இருக்கிறதா என்பது அதிலிருந்து தெரியாது. சிலருக்கு உடம்பே அதை விரட்டியிருக்கும். எதிர்ப்பொருள் மட்டும் ஆறிய புண்ணின் வடுவாக ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருக்கும். வைரஸ் இருக்கிறதா என்பதை அதன் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். முதல் பரிசோதனையில் 'ரியாக்டிவ்' என்று வந்தால், இந்த இரண்டாவது பரிசோதனையை நோயாளியை அலையவிடாமல் அதே ரத்த மாதிரியிலேயே செய்ய வேண்டும். வைரஸ் இருந்தால் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

இயற்கையாகக் குணமாவது கட்டுக்கதை அல்ல. ஹெபடைட்டிஸ் சி தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸிலிருந்து விடுபடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். தொற்றிய புதிதில் மஞ்சள் காமாலை கண்டவர்களுக்கும் அதிகம். நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகப் போரிடுவதன் அடையாளம் அது. பிறவியிலேயே அமைந்த மரபணு வேறுபாடு ஒன்றும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்பது 2009-இல் தெரியவந்தது. ஆனால், இந்தப் போரை முன்னின்று நடத்தும் சி.டி.4 அணுக்களைத்தான் எச்.ஐ.வி. குறிவைத்து அழிக்கிறது. அதனால் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இயற்கைக் குணம் ஐந்தில் ஒருவர், ஆறில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சி.டி.4 மிகவும் குறைந்த சிலருக்கு எதிர்ப்பொருளே உருவாகாமல், வைரஸ் உள்ளே இருந்தும் முதல் பரிசோதனை 'இல்லை' என்று சொல்லிவிடுவதும் உண்டு.

ஐந்தில் ஒருவருக்குத் தானாகச் சரியாகும் என்றால் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அது நியாயமான கேள்விதான். அன்று இருந்த மருந்து இன்டர்ஃபெரான் ஊசி, எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஓராண்டு வரை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. காய்ச்சலும் மனச்சோர்வும் ஆளைப் படுத்தும். அப்படியும் பாதிப் பேருக்குக்கூடக் குணம் கிடைக்காது. அந்த வேதனையைத் தவிர்க்க மருத்துவர்கள் காத்திருந்ததில் தவறில்லை. இன்று நிலைமை வேறு. சோஃபோஸ்புவிர் அடங்கிய கூட்டு மாத்திரைகளைப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கு மேல் குணம், எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன். மறுபக்கம், இரண்டு வைரஸும் சேர்ந்திருக்கும் உடம்பில் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. காத்திருக்கும் மாதங்களில் வைரஸ் மற்றவருக்குப் பரவும் வாய்ப்பும் உண்டு. ஐவரில் ஒருவருக்குச் சில வார மாத்திரையை மிச்சப்படுத்துவதற்காக நால்வரைக் காக்க வைப்பது சரியான கணக்கு அல்ல.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பதிலும் எப்போதும் தயாராக இருக்கும்: கீழாநெல்லி. அந்த நம்பிக்கையை ஏளனம் செய்யத் தேவையில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் கீழாநெல்லியைச் சோதித்து 1988-இல் 'லான்செட்' இதழில் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் வேறு நாடுகளில் சோதித்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வும் பி வைரஸைப் பற்றியது. சி வைரஸைப் பற்றியது அல்ல. காமாலை கண்டவர்களுக்கே இயற்கைக் குணம் அதிகம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். காமாலை வந்ததும் ஒருவர் பச்சிலை சாப்பிடுகிறார். உடம்பு தானாகத் தேறுகிறது. புகழ் பச்சிலைக்குப் போகிறது. ஆனால், ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலானோருக்குக் காமாலை காட்டாமல் இருபது, முப்பது ஆண்டுகள் கல்லீரலை அரித்துக்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகவில்லை என்பதால் வைரஸ் இல்லை என்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் இரண்டு தொற்றும் சேர்ந்தவர்கள் குறைவுதானே, இதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்பது அடுத்த கேள்வி. குறைவு என்பது உண்மை. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் முதன்முதலாகக் கண்டறிந்த நாளிலிருந்து எச்.ஐ.வி. இங்கே பெரும்பாலும் உடலுறவு வழியாகவே பரவியது. ஹெபடைட்டிஸ் சி முதன்மையாக ரத்தத்தின் வழியாகப் பரவுவது. வழி வேறு என்பதால் இரண்டும் சேர்வது குறைவு. ஆனால், சென்னையில் ஊசி மூலம் போதை மருந்து எடுத்துக்கொள்பவர்களிடம் 2000-களின் நடுவில் நடந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் சி வைரஸின் எதிர்ப்பொருள் இருந்தது. ரத்த வங்கிகளில் சி வைரஸ் பரிசோதனை கட்டாயமாவதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பது கைவிடுவதற்கான காரணம் அல்ல. ஒருவர் விடாமல் கண்டறிந்து குணப்படுத்தி முடிப்பது சாத்தியம் என்பதற்கான ஆதாரம்.

பணமும் இன்று தடை அல்ல. அமெரிக்காவில் 2013-இல் ஒரு மாத்திரை 1000 டாலருக்கு வந்த சோஃபோஸ்புவிர் மருந்தை இந்திய நிறுவனங்கள் அதன் சிறு பங்கு விலைக்குத் தயாரிக்கின்றன. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உண்மையான தடை தூரமும் நாளும்தான். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் இருந்து ஒரு ஒப்பந்தத் தொழிலாளி விருத்தாசலத்துக்கோ கடலூருக்கோ பேருந்து ஏறினால் ஒரு ஷிப்டும் ஒரு நாள் கூலியும் போகும். ரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், மறுபடி ரத்தம் கொடுக்க இன்னொரு நாள் என்று இழுத்தடித்தால் மூன்றாவது முறை அவர் வரமாட்டார். அடிக்கடி எங்கே போகிறாய் என்று மேஸ்திரி கேட்டால் என்ன பதில் சொல்வார்? சுரங்கத்தை ஒட்டி, ஒருவரையொருவர் அறிந்து வாழும் ஊரில் அந்தக் கேள்வி தரும் அச்சம் சிறியதல்ல. எச்.ஐ.வி. உள்ளவரின் ரகசியத்தைக் காக்க 2017-இன் சட்டம் இருக்கிறது. வீண் அலைச்சலைக் குறைப்பதும் அந்த ரகசியத்தைக் காக்கும் வழிதான். காசநோய்க்காக அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகளிலேயே உரிய சிப் அல்லது கார்ட்ரிட்ஜைப் போட்டு சி வைரஸையும் தேடலாம். எச்.ஐ.வி. வைரஸ் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும்போதே இதற்கும் சேர்த்து எடுத்துவிடலாம்.

குணமானவருக்கு மீண்டும் தொற்றாதா என்றால், தொற்றலாம். ஒருமுறை விடுபட்டது மறுமுறை காக்காது. தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. அதனால்தான் போதை ஊசிப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்குச் சுத்தமான ஊசியும் மாற்று மருந்தும் சிகிச்சையோடு சேர்ந்தே போக வேண்டும். மீண்டும் வரக்கூடும் என்று சொல்லிக் காசநோயாளிக்கு யாரும் மருந்தை மறுப்பதில்லை.

உங்கள் சீட்டிலோ, உங்களுக்கு வேண்டியவர் சீட்டிலோ அந்த ஒரு வரி இருந்தால் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அடுத்த முறை எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துச் சென்று, "ஆர்.என்.ஏ. டெஸ்ட் எப்போது எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். வைரஸ் இல்லை என்று தெரிந்தால் வீண் பயம் நீங்கும். இருக்கிறது என்று தெரிந்தால் பன்னிரண்டு வார மாத்திரை இருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை.