வழிநூலும் மணற்கடிகையும்

முதனூலைத் தழுவி, வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்து நிற்பதே வழிநூல் என்பர் நம் இலக்கணநூலார். விளையாட்டுக்கும் இவ்விலக்கணம் பொருந்துமா என இவ்வாரம் நோக்குவோம்.

யப்பானின் நின்ரெண்டோ நிறுவனம் 2002இல் 'விண்ட் வேக்கர்' என்னும் செல்டா விளையாட்டை வெளியிட்டது. தீவுதீவாய்க் கடலிற் செல்லும் லிங்க் என்னும் சிறுவனின் கதை அது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுவது. அதன் தொடர்ச்சியாக 2007இல் வந்த 'பான்ரம் அவர்கிளாஸ்', அதாவது மாய மணற்கடிகை, கையடக்கமான டீ.எஸ். கருவிக்கென ஆக்கப்பட்டது. அக்கருவியின் உற்பத்தி நின்றுவிட்டதாயினும் அதனை ஆடுவோர் இன்றும் உளர். பேய்க்கப்பலிற் சிக்கிக் கல்லாகிய தோழி ரெட்ராவை மீட்பதே கதை. அஞ்சி ஒளியும் கப்பற்றலைவன் லைன்பெக், இறுதியில் துணிந்து வாளெடுப்பது மனத்தைத் தொடுகின்றது.

இதன் பெருஞ்சிறப்பு, ஆடுவோன் கையில் எழுதுகோலைக் கொடுத்தமையே. தொடுதிரையிற் கோடு கீறினால் அவ்வழியே கப்பல் செல்லும், வளைதடி பறக்கும். படத்தின்மேற் குறிப்பும் எழுதலாம். மேற்றிரையிலுள்ள முத்திரையைக் கீழ்த்திரைப் படத்திற் பதிக்கவேண்டும் என்பது ஒரு புதிர். பொத்தான் எதுவும் உதவாது. கருவியைப் புத்தகம்போல் மூடித் திறந்தால் முத்திரை பதிந்திருக்கும்! சிந்தனைக்கு இதனினும் இனிய விருந்து ஏது?

குறை யாதெனிற் கடலரசன் கோயிலாகும். அங்குள்ள சாபம் உயிரை உறிஞ்சும். கடிகையில் மணல் உள்ளவரையே காப்பு. மேலும் ஆழஞ்செல்ல, முன்னர்க் கடந்த தளங்களூடாகவே மீண்டும் மீண்டும் இறங்கவேண்டும். நடுவழியில் ஒரு தரிப்பிடம் கிடைப்பது சிறு ஆறுதலே.

மீட்டல் கல்விக்கு அவசியமன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. புதிதாய்ப் பெற்ற வெடிகுண்டினாற் பழைய சுவரைத் தகர்த்துக் குறுக்குவழி காணுமிடத்து, அம்மீட்டல் மகிழ்ச்சி தருகின்றது. ஆனால் விடை கண்ட கணக்கையே மணிக்கூட்டைப் பார்த்தவண்ணம் மறுபடி செய்வது பயிற்சியன்று, தண்டனையே.

ஆக்கியோரும் இதனை உணர்ந்தனர் போலும். 2009இல் வந்த அடுத்த தொடர்ச்சியான 'ஸ்பிரிற் ட்ராக்ஸ்' விளையாட்டிலும் ஒரு கோபுரத்துக்குப் பலமுறை செல்லவேண்டும். எனினும் படிக்கட்டு ஒவ்வொரு முறையும் புதிய தளங்களுக்கே இட்டுச்செல்லும். மணற்கடிகையும் இல்லை.

பாதியிற் கைவிட்ட பிள்ளையைப் பொறுமையற்றவன் எனப் பெற்றோர் கடிவதுண்டு. எவ்விடத்திற் கைவிட்டான் என முதலில் வினவுதல் நன்று. புதிர் விளங்காது நின்றவனுக்கு ஒரு சொல் துணை போதும். விளங்கியதையே மீளச் செய்யப் பணிக்கப்பட்டுச் சலித்தவனிடம் குறை காண்பது நீதியன்று. வீட்டுப்பாடம் கொடுக்கும் நம்மனோர்க்கும் இது பொருந்தும். கோயிலின் குறையைக் கருதி இவ்விளையாட்டை ஒதுக்குமாறு நாம் கூறோம். எழுதுகோலின் சிறப்பு அதனினும் பெரிது.