கண்டல் நடுவதற்கு முன் வாய்க்காலைத் திறப்போம்

கிண்ணியாப் பாலத்தால் போகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கே கொட்டியாரக் குடாவைத்தான் பார்க்கிறார்கள். மேற்கே கிடக்கும் தம்பலகாமம் குடா எமது பிரதேசத்தின் மூலதனம் என்பதை வர்த்தகர்களாகிய நாம் உணர்வதில்லை. மட்டி எடுப்போர், இறால் பிடிப்போர், அவர்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கும் சில்லறைக் கடைக்காரர் என்று ஒரு சங்கிலியே அந்த ஆழமற்ற நீரை நம்பி இருக்கிறது. குடா கெட்டால் கடைக்காரரின் கடன் கொப்பிதான் முதலில் தடிக்கும்.

கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமம் வயல்களில் பாய்ந்து, வடிந்து, குடாவில் சேர்கிறது. வயலுக்கு இட்ட உரமும் அடித்த மருந்தும் அதனோடு வருகின்றன. கடைசியில் நகரத்து வடிகான்கள் தம் பங்குக்கு பொலித்தீனையும் கோழிக்கடைக் கழிவையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. தேங்கிய நீரில் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை மத்ரஸாவில் ஓதிய நாம்தான் இதைச் செய்கிறோம்.

இதற்குப் பரிகாரமாக எல்லோரும் சொல்வது கண்டல் நடுகை. 2004 சுனாமிக்குப் பின்னர் நாடு முழுவதும் நட்டார்கள். நானும் நட்டவன்தான். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கன்றைக் கட்டிய குச்சி மட்டும் நின்றது. எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. இலங்கையின் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 1,000 ஹெக்டெயருக்கு மேல் நட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டெயரே தப்பியதாகக் கூறியது. பிழையான இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள். வற்றும் பெருக்கும் ஒழுங்காக வந்துபோகும் மட்டத்தில்தான் கண்டல் பிடிக்கும். எந்நேரமும் மூழ்கிக் கிடந்தால் அழுகும். நீரோட்டம் அடைபட்டால் உப்பேறிக் கருகும். நீர்வழி சரியானால் பல இடங்களில் விதை தானாகவே மிதந்துவந்து முளைக்கும். அதற்கு கமராவும் பிரதம அதிதியும் தேவையில்லை!

ஆகவே, முதற் செலவு வடிகானுக்குத்தான். வடிகான் குடாவைத் தொடும் வாயில் இரும்பு வலை, அதை வாரந்தோறும் துப்புரவு செய்ய இரண்டு பேருக்குக் கூலி, கோழிக்கடைகளுக்கும் மீன்கடைகளுக்கும் தனிக் கழிவுத் தொட்டி. இவற்றைக் கடைகள் பங்கிட்டால் பெரிய தொகையல்ல. "சோலைவரி கட்டுகிறோமே, சபை செய்யட்டும்" என்பார்கள். சபையின் கடமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கழிவு எமது கடையிலிருந்து போகிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டமும் கழிவை வெளியேற்றும் தொழில்களை அனுமதிப்பத்திரம் பெறச் சொல்கிறது.

மேலே இருக்கும் விவசாயிகளை விட்டுவிட்டு இது முடியாது. கந்தளாய் முதல் கிண்ணியா வரை இந்த நீர் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என மூவரின் நிலத்தாலும் வருகிறது. மருந்து அடித்தவுடன் வயலை வடிக்காமல் சில நாள் மறித்து வைப்பதை, கமக்காரர் அமைப்புகளோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஐப்பசியில் மாரி தொடங்கும். அதற்கு முன் வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு கேட்டிருக்கிறேன். முதல் மாதக் கூலியில் ஒருவருடையதை நான் தருகிறேன். மற்றவருடையதை யார் தருகிறீர்கள்?