நிறம் போனால் போதாது, உப்பும் போக வேண்டும்

காவிரியின் கிழக்குக் கரையில், ஈரோட்டுக்கு எதிரே இருக்கிறது பள்ளிபாளையம். இன்று அது நகராட்சி. ஆனாலும் ஓடப்பள்ளி, சமயசங்கிலி, களியனூர், காடச்சநல்லூர் எனச் சுற்றிலும் உள்ளவை இன்னும் கிராமங்களே. நெல், கரும்பு, மஞ்சள், வாழை, தென்னை எனத் தோட்டங்கள் இருக்கின்றன. பல வீடுகளில் ஒருவர் தறிக்குப் போகிறார், ஒருவர் தோட்டத்தைப் பார்க்கிறார். ஆகவே தறி வேண்டாம் என்று இங்கு யாரும் சொல்ல முடியாது. தறியும் வேண்டும், தண்ணீரும் வேண்டும்.

சாயக் கழிவு நீரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நிறத்தையே பார்க்கிறார்கள். ஓடையில் சிவப்பாக ஓடினால் கூச்சல் எழுகிறது. தெளிவாக ஓடினால் அடங்கிவிடுகிறது. இது தவறு. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காக உப்பைச் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்துத் தெளிய வைத்தால் நிறம் பெரும்பாலும் நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. அதைப் பிரிக்கச் சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பாக எடுக்க வேண்டும். செலவு அதிகம்தான். அந்தச் செலவைப் பட்டறை ஏற்காவிட்டால் அதைக் கிணற்றுக்காரர் ஏற்க நேரும்.

நொய்யலில் நடந்தது நம் கண் முன்னே உள்ள பாடம். பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கியது. அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அவர்கள் வழக்காடியதால்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் கடுமையான நிபந்தனைகளை விதித்தது; அவை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குள் பல கிணறுகள் கெட்டுவிட்டன. கெட்ட நிலத்தடி நீர் தெளியப் பல காலம் ஆகும்.

எனவே சிறு விவசாயிகள் நோய் முற்றும் வரை காத்திருக்கக் கூடாது. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை கிணற்று நீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். மின் கடத்தும் திறன் 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் மிகுந்த உப்பு நீர். மஞ்சள், வாழைக்கு ஆகாது. முடிவுச் சீட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வைப்பது முக்கியம். ஓடைக்கரைத் தோட்டக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து மூன்று ஆண்டுச் சீட்டுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் வைத்தால், அதை வெறும் புகார் என்று தள்ள முடியாது.

உப்பு ஏறிய நிலத்தில் வடிகால் எடுப்பதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், களர்த் தன்மை இருந்தால் பரிசோதனைப்படி ஜிப்சம் இடுவதும் பயன் தரும். ஆனால் உப்பு நீர் வந்துகொண்டே இருந்தால் இவை அனைத்தும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். வருமுன் தடுப்பதே மலிவான வைத்தியம்.