நாமும் வேடிக்கைப் பொருள்தான்

ஹோ சி மின் நகரத்தின் பென் தான் சந்தைக்கு வெளியே, நடைபாதையில், மூதாட்டி ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். மூங்கில் தண்டின் இரு முனைகளிலும் கூடைகள். தலையில் ஓலையால் செய்த கூம்புத் தொப்பி. வியட்நாம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் அதே காட்சி. நான் கைத்தொலைபேசியை உயர்த்தினேன். அவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்து இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

“அம்மா, அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது,” என்றாள் என் மகள். எனக்குச் சுருக்கென்றது.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ள மனிதர்களை வேடிக்கை பார்ப்பதில் தவறில்லை. பார்க்காமல் திரும்புவதுதான் வீண் பயணம். ஆனால், கட்டடத்தைப் பார்ப்பதுபோல் மனிதரைப் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. சொல்வது எளிது. அன்று காலை முழுவதும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மத்தியத் தபால் நிலையத்துக்குப் போயிருந்தோம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1886 முதல் 1891 வரை கட்டப்பட்டது அது. உயர்ந்த வளைகூரை, சுவரில் பெரிய பழைய நிலப்படங்கள், இன்றும் அஞ்சல்தலை விற்கும் முகப்புகள். அங்கே எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். கட்டடம் முகம் சுளிக்காது. அங்கே பழகிய கை, சந்தைக்கு வந்த பிறகும் ஓயவில்லை.

பென் தான் சந்தையின் இப்போதைய கட்டடம் 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மணிக்கூண்டு உள்ள முன்வாயிலைத் தாண்டினால் காப்பித்தூள், உலர்ந்த இறால், துணி, காலணி எனக் குறுகிய சந்துகள் நீள்கின்றன. நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே கடைக்காரப் பெண் ஒருவர், “முரா! முரா!” என்று மலாயில் அழைத்தார். ‘மலிவு, மலிவு’ என்று நம் ஊர் இரவுச் சந்தையில் கேட்கும் அதே குரல்! சந்தைக்கு அருகில் நுயென் அன் நின் சாலையில் மலாய் மொழிப் பலகைகளும் ஹலால் உணவகங்களும் உள்ளன. மலேசியத் தெரு என்றே பலர் அதைச் சொல்கிறார்கள்.

நாம் அவர்களைப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்கிறோம். அவர்களோ பல ஆண்டுகளாக நம்மைக் கூர்ந்து பார்த்து வந்திருக்கிறார்கள். நம் மொழி, நம் உணவு, எந்த விலையைக் கேட்டால் நாம் நகர்ந்துவிடுவோம் என்பதுவரை கற்று வைத்திருக்கிறார்கள். நான் ஒரு கைப்பையை எடுத்தேன். அந்தப் பெண் 250,000 டோங் கேட்டார். நான் பாதி விலை சொன்னேன். அவர் நெஞ்சில் கைவைத்து அழுவதுபோல் நடித்தார்; பிறகு இருவருமே சிரித்துவிட்டோம். 150,000 டோங்கிற்குப் பை கைமாறியது. நான் ஏமாந்தேனா என்று தெரியாது. ஆனால், அந்த ஐந்து நிமிடமும் நாங்கள் இருவரும் சமமாகப் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல பேரம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் ஒரு மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே வழிபட வருவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர். இளம்பெண் ஒருத்தி கையில் ஊதுவத்தியுடன் கண்மூடி நின்றாள். நம் அம்மன், அவளுடைய வேண்டுதல்! படம் எடுக்க யாருக்குத்தான் ஆசை வராது? கைப்பையைத் திறந்தவள், பத்துமலையை நினைத்து மூடிவிட்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று, முடிகாணிக்கை செலுத்திய என் அம்மா பத்துமலைப் படிகளின் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மழித்த தலையில் சந்தனம் பூசியிருந்தோம். அப்பாவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்கான நேர்த்திக்கடன் அது. வெளிநாட்டுப் பயணி ஒருவர் குனிந்து, அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கேமராவை நீட்டினார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். அந்தப் பயணி கெட்டவர் அல்லர், நன்றிகூடச் சொன்னார். இருந்தும், வீடு திரும்பும்வரை அம்மா பேசவே இல்லை.

“பொது இடத்தில் படம் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்?” என்பது என் கணவரின் வாதம். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு எடுத்தால் எல்லாரும் விறைப்பாக நின்று புன்னகைப்பார்கள். தெருவின் இயல்பு படத்தில் இருக்காது. தூரத்திலிருந்து ஒரு கூட்டத்தை, ஒரு சாலையை எடுக்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஒருவரின் முகத்தை மட்டும் தேடிப்போய் எடுக்கும்போது ஒரு சைகையாவது வேண்டாமா? கைத்தொலைபேசியைக் காட்டிப் புருவத்தை உயர்த்த மொழி தேவையில்லை. அவர் தலையசைத்து மறுத்தால் நமக்கு இழப்பு ஒரு படம்தான்.

மாலையில் கால் வலித்தது. நடைபாதைக் காப்பிக் கடையில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகளில் அமர்ந்தோம். சிறிய உலோக வடிகட்டியிலிருந்து காப்பி சொட்டுச் சொட்டாக இறங்கியது. வழிந்தோடும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தபடி ஒரு வாய் குடித்தேன். கசப்பில் முகம் கோணியது. எதிரே இருந்த குடும்பம் மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சின்னப் பையன் குலுங்கிச் சிரித்தான். அவனுடைய பாட்டி எழுந்து வந்து, அடியில் தங்கியிருந்த கெட்டிப்பாலைக் கரண்டியால் கலக்கிக் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தத் தெருவின் வேடிக்கைப் பொருள் நான்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பாட்டி எழுந்து வந்தாரே!

விடுதிக்குத் திரும்பும் வழியில் அந்த இளநீர் மூதாட்டி அதே இடத்தில் இருந்தார். கூடையில் மூன்று காய்கள் மீதி. கைத்தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய் மூன்றையும் வாங்கினேன். தொப்பியை நிமிர்த்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் வந்தவள் என்று அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டேன். பேரம் பேசவில்லையே என்று என் கணவருக்கு இன்றும் குறைதான்.